பச்சைப் பேத்தை வளர்க்கிறதுக்கு யாழ்ப்பாணத்தில வாங்கின மீன், உப்பு, மீற்றர், சாப்பாடு எல்லாத்துக்கும் ஒரு ரிவியூ

பச்சைப் புள்ளிப் பேத்தை, அதாவது பயந்தால் ஊதிற பஃபர் மீன், வாங்கலாமோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு முதல்லயே முடிவைச் சொல்லிப்போடுறன். மீனுக்கு பத்துக்குப் பத்து. சாப்பாட்டு விஷயத்தில யாழ்ப்பாணத்தில இருக்கிற எங்களுக்குக் கிடைச்ச வசதி கண்டிக்காரருக்கோ நுவரெலியாக்காரருக்கோ கிடைக்காது. ஆனா உப்பு விஷயத்தில இங்க மீன்கடையளை நம்பி இறங்கினால் மீன் சாகும், அதுவும் உடன சாகாது, மாசக்கணக்கா மெலிஞ்சு கறுத்துச் சாகும், அதாலதான் கனபேருக்கு ஏன் செத்தது எண்டே தெரியாமல் போகுது. என்ர மீன் 2022ல கரண்ட் 13 மணித்தியாலம் நிண்ட காலத்தையும் தாண்டி இப்பவும் நல்லா நிக்குது, அதை வச்சுத்தான் இதை எழுதுறன்.

என்ன மீன் எண்டதில முதல் தெளிவா இருப்பம். விஞ்ஞானப் பேர் டைக்கோட்டோமிக்டீர் நைக்ரோவிரிடிஸ், முந்தி டெட்ராவோடன் நைக்ரோவிரிடிஸ் எண்டு சொன்னவை, பழைய புத்தகங்களில அப்பிடித்தான் இருக்கும். இலங்கையில இருந்து இந்தோனேசியா வரைக்கும் ஆத்துமுகங்கள், களப்பு, கண்டல் காடு இதுகளில சீவிக்கிற மீன். முதுகு மஞ்சள் கலந்த பச்சை, அதில வட்டம் வட்டமா கறுப்புப் புள்ளி, வயிறு வெள்ளை. கடையில நிக்கேக்க பெருவிரல் நகமளவுதான் இருக்கும், வளந்தால் 15 சென்ரிமீற்றர், ஒழுங்கா பாத்தால் 10 வருஷத்துக்கு மேல இருக்கும். இதை வாசிச்சிட்டு நிப்பாட்டுற ஆக்கள் இருந்தால் அதுவும் நல்லதுதான், ஏனெண்டால் பத்து வருஷம் எண்டது பிள்ளை பள்ளிக்கூடம் போய் முடிக்கிற காலம்.

இதோட குழப்புற வேற மூண்டு மீன் இருக்கு. கேரளாப் பக்கத்து குட்டிப் பேத்தை, மூண்டு சென்ரிமீற்றர் சொச்சம்தான் வளரும், அது முழுக்க நல்ல தண்ணி மீன். முதுகில எட்டு மாதிரிக் கோடு இருக்கிறது தென்கிழக்கு ஆசியாப் பேத்தை, அது எட்டு சென்ரிமீற்றரோட நிண்டிடும், கொஞ்ச உப்புக் காணும். மற்றது சிலோன் பஃபர் எண்டு சொல்லுறது, புள்ளி கலங்கி முதுகுக்குக் குறுக்க பட்டை மாதிரி இருக்கும், அது இதை விட முரடு. கடையில இந்த நாலுக்கும் ஒரே பேர், ஒரே விலை. நீங்கள்தான் பாத்து எடுக்கோணும்.

வீட்டில அம்மாவுக்கு முதல் இது பெரிய அதிர்ச்சி. "உதை ஏன் காசு குடுத்து வாங்கினனீ, பாசையூரில வலையில வாறதைக் கரையில எறிஞ்சுபோட்டுப் போவினம்" எண்டா. உண்மைதான், பேத்தை எண்டால் எங்கட ஆக்களுக்கு நஞ்சு மீன், வலையில பட்டால் எறியிற சாமான். நான் சொன்னன், அம்மா இதின்ர மரபணுத்தொகுதி முழுக்க வாசிச்சு 2004ல நேச்சர் சஞ்சிகையில போட்டிருக்கினம், முள்ளந்தண்டு இருக்கிற பிராணியளில மிகச் சின்னத் தொகுதியளில ஒண்டு எண்டபடியா மனுசற்ற மரபணுவைப் படிக்கிறதுக்கும் இது உதவினது எண்டு. அதுக்குப் பிறகு வாற சொந்தக்காரருக்கு அவவே சொல்லிக் காட்டுறா. வலையில வாறதைச் சும்மா கொண்டு வந்து விடலாம்தானே எண்டு நினைக்கிற ஆக்களுக்கு: பரவைக்கடலில, அதாவது களப்பில, வாற பேத்தை எல்லாம் இந்த இனம் இல்லை, சிலது ஒரு அடி தாண்டி வளரும், வீட்டுத் தொட்டிக்குள்ள அதுக்கு வாழ்க்கை இல்லை.

நஞ்சு பற்றியும் சொல்லவேணும். ரெட்ரோடொக்சின் எண்ட நஞ்சு ஈரல், சினை, தோல் இதுகளில இருக்கும், சமைச்சாலும் போகாது. தின்னாமல் இருந்தால் ஆபத்தில்லை, தண்ணிக்குள்ள கை விட்டால் ஒண்டும் ஆகாது, ஆனா கடிச்சால் ரத்தம் வரும், சின்னப் பிள்ளையளின்ர விரலைப் புழு எண்டு நினைச்சு வரும். செத்தால் பூனை எடுக்காதமாதிரி ஆழமாப் புதைக்கோணும்.

இனி கடை. ரவுணுக்குள்ள நான் வாங்கின கடையின்ர பேர் வேண்டாம், அங்க நிக்கிற பெடியன் நல்ல பெடியன், வலை போடாமல் கோப்பையால பிடிச்சுத் தா எண்டு கேக்க முகம் சுழிக்காமல் பிடிச்சுத் தந்தவன். இது முக்கியம், பேத்தையை வலையால தூக்கினால் வெளியில வச்சுக் காத்தை இழுத்து ஊதும், வயித்துக்குள்ள போன காத்து பிறகு வெளிய வராமல் மீன் தலைகீழா மிதந்து சாகிறது உண்டு. தண்ணியோட தூக்கினால் அந்தப் பிரச்சினை இல்லை. ஊதிற வடிவைப் பாக்க வேணும் எண்டு சிலர் குச்சியால குத்துறதையும் பாத்திருக்கிறன், அது அந்த மீன் உயிர் போகுது எண்டு பயந்து செய்யிறது, தயவுசெய்து செய்யாதேங்கோ.

ஆனா அந்தக் கடையில சொன்ன விஷயங்கள்: "அண்ணை இது நல்ல தண்ணி மீன், கப்பியோட விடலாம், சின்னத் தொட்டி காணும், குருணிச் சாப்பாடு போடுங்கோ." நாலும் பிழை. கப்பியோட விட்டால் கப்பியின்ர வால் அண்டைக்கே இருக்காது. குருணியை அது திரும்பியும் பாக்காது. குஞ்சுகள் நல்ல தண்ணியில கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கும் எண்டது உண்மை, குஞ்சில ஆத்துப்பக்கம் நிண்டு வளர வளர கடல் பக்கம் போற மீன் எண்டபடியா, அதை வச்சுத்தான் நல்ல தண்ணி மீன் எண்டு விக்கினம். பெருக்கப் பெருக்க உப்புக் கூடோணும். உப்பை அளக்கிறது தண்ணியின்ர அடர்த்தியை வச்சு, உப்பில்லாத தண்ணி 1.000, உப்புக் கூடக் கூட இலக்கம் ஏறும். குஞ்சுக்கு அடர்த்தி 1.005 அளவில தொடங்கி, வளந்த மீனுக்கு 1.010 தொடக்கம் 1.015 வரைக்கும் கொண்டு போறது, அதுக்கு மேலயும் சிலர் வச்சிருக்கினம். ஒரேயடியாக் கூட்டக்கூடாது, கிழமைக்கு 0.002 காணும், ஏனெண்டால் பில்ரரில இருந்து மீன் கழிவை முறிக்கிற பக்ரீரியாவும் உப்புக்குப் பழகவேணும், அது செத்தால் அமோனியா ஏறும்.

அதே கடையில "மரைன் சால்ட்" எண்டு பேரில்லாத பொலித்தீன் பையில கட்டி வித்த உப்பை வாங்கி, பாவிக்க முதல் மழைத்தண்ணியில கொஞ்சம் கரைச்சு சொட்டு ரெஸ்ற் கிற்றால கடினத்தன்மை பாத்தன். மழைத்தண்ணியில சுண்ணாம்பு இல்லை, உண்மையான கடல் உப்புக் கலவை போட்டால் கல்சியம், மக்னீசியம், காபனேற்று எல்லாம் வந்து ரெஸ்ற் ஏறவேணும். அசையவேயில்லை. வெறும் சோடியம் குளோரைட், அதாவது கறிக்குப் போடுற உப்பு, விலை மட்டும் மரைன் சால்ட் விலை. திருப்பிக் கொண்டு போய்க் குடுக்க காசு தரேல்லை, அதுக்குப் பதிலா வேற சாமான் எடுங்கோ எண்டவை. இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கோ, ஒரு கிளாஸ் மழைத்தண்ணியும் ஒரு கரண்டி உப்பும்தான் செலவு.

ஆனையிறவு உப்புப் போடலாமோ எண்டு கேக்கிற ஆக்களும் இருக்கினம். எங்கட உப்பு, நல்ல உப்பு, ஆனா உப்பளத்தில கடல்தண்ணி வத்தி சோடியம் குளோரைட் படிஞ்ச பிறகு மக்னீசியம் நிக்கிற மிச்சத் தண்ணியை வடிச்சு விடுகினம், அதால சமையலுக்கு உகந்த மாதிரி வரும், கடலின்ர மற்றச் சத்துகள் குறைவு. எங்கட கிணத்துத்தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ளால வாறதால கல்சியம் கனக்க இருக்கு, அவசரத்துக்கு அயடீன் கலக்காத ஆனையிறவு உப்புப் போட்டு ஓட்டலாம், நிரந்தரமா அதையே போடுறதை நான் சொல்லமாட்டன். சீல் உடைக்காத பக்கற்றில வாற பேர்போன கலவையள் நல்லது, லீற்றருக்கு ஒரு 15 கிராம் போட்டால் 1.010 பக்கம் வந்து நிக்கும், விலைதான் கை சுடும்.

நான் இப்ப செய்யிறது வேற. எங்களைச் சுத்திக் கடல், பிறகேன் காசு குடுத்து உப்பு? சாட்டிப் பக்கமோ பருத்தித்துறைப் பக்கமோ போறநேரம் ரெண்டு மூண்டு கானில கடல்தண்ணி அள்ளிக்கொண்டு வாறது, துறைமுகம், வள்ளம் கட்டுற இடம், வாய்க்கால் வந்து விழுற இடம் இல்லாமல், கொஞ்சம் உள்ளுக்கு இறங்கி முழங்காலுக்கு மேல தண்ணி நிக்கிற இடத்தில அள்ளுறது. வீட்டில துணியால வடிச்சு மூடி இருட்டில கொஞ்ச நாள் வச்சு காத்து மோட்டர் விட்டுப்போட்டுப் பாவிக்கிறன். 4 லீற்றர் கடல்தண்ணிக்கு 6 லீற்றர் கிணத்துத்தண்ணி கலந்தால் 1.010க்குக் கிட்ட வரும். ஆனா எப்பவும் அளந்துதான் பாக்கோணும், மாரியில மழைவெள்ளம் கலந்து மேல்தண்ணி உப்புக் குறையும், அதோட பரவைக்கடல்தண்ணியை அள்ளினால் கணக்கே பிழைக்கும், கோடையில ஆனையிறவுப் பக்கம் தண்ணி வத்தி வெளிக்கடலை விட உப்பாயிடும்.

அளக்கிறதுக்கு என்ன வாங்கிறது? பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ள முள்ளு ஆடுற ஹைட்ரோமீற்றர் மலிவு, கடையளில அதுதான் கிடைக்கும், வாங்காதேங்கோ எண்டுதான் சொல்லுவன். முள்ளில ஒரு சின்னக் காத்துக்குமிழ் ஒட்டினாலே கணக்கு மாறுது, உப்புப் படிஞ்சால் இன்னொரு கணக்கு. ரிபிராக்ரோமீற்றர் எண்டு ஒண்டு இருக்கு, கொழும்பில இருந்து பார்சலில எடுப்பிச்சன், இந்த மீனுக்காக நான் வாங்கின சாமானுகளில காசுக்குப் பெறுமதியானது எண்டால் இதுதான். ஒரு குழாய் மாதிரி இருக்கும், நுனியில சரிஞ்ச கண்ணாடி, அதில ஒரு சொட்டுத் தண்ணி விட்டு மூடியை மெதுவாச் சாத்தோணும், குமிழ் நிண்டால் திருப்பி விடோணும். பிறகு வெளிச்சத்துப் பக்கம் திருப்பி மற்ற முனையில கண்ணை வச்சால் மேல நீலம் கீழ வெள்ளை, ரெண்டும் சந்திக்கிற கோடு எந்த இலக்கத்தில நிக்குதோ அதுதான் உங்கட உப்பு. கராஜில பற்றரிக்கு விடுற காய்ச்சி வடிச்ச தண்ணி ஒரு சொட்டு விட்டுப் பாத்தால் கோடு பூச்சியத்தில நிக்கவேணும், நிக்காட்டி மேல இருக்கிற சின்ன ஆணியைத் திருப்பிச் சரிபண்ணலாம். சூரியனைப் பாத்துப் பிடிக்காதேங்கோ, வானத்தைப் பாத்தால் காணும். ஒரே குறை என்னெண்டால், மலிவா வாற சிலது கடல்தண்ணிக்கு இல்லாமல் வெறும் உப்புத்தண்ணிக்குக் கணக்குப் போட்டு வரும், ஒரு கொஞ்சம் வித்தியாசம் காட்டும், சவர்த்தண்ணித் தொட்டிக்கு அது பெரிய பிரச்சினை இல்லை.

கிணத்துத்தண்ணி பற்றி ஒரு விஷயம். பேத்தைக்கு கடினமான, காரத்தன்மையான தண்ணிதான் விருப்பம், பிஎச் 7.5க்கு மேல 8.5 வரைக்கும், எங்கட சுண்ணக்கல் தண்ணி அதுக்குத் தயாராவே வருது. தொட்டிக்குள்ள கடைக்கல்லு வாங்கவும் தேவையில்லை, வளவில கிடங்கு வெட்டேக்க வாற சுண்ணக்கல்லை நல்லா உரஞ்சிக் கழுவிப் போட்டிருக்கிறன். பவளப்பாறை உடைச்சு எடுக்கிறது சட்டப்படி குற்றம், கரையில கிடந்தாலும் எடுக்காதேங்கோ. ஆனா கிணத்தில ஒரு சிக்கல் இருக்கு, தோட்டம் செய்யிற பக்கங்களில பசளையாலயும் மலசலகூடக் குழியாலயும் கிணறுகளில நைத்திரேற்று கூட. குடிக்கிற தண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எண்டு எல்லை வச்சிருக்கு, சில கிணறுகள் அதையும் தாண்டுது. தொட்டித்தண்ணி மாத்திறதே நைத்திரேற்றைக் குறைக்கத்தான், புதுசா விடுற தண்ணியிலயே அது இருந்தால் என்ன பிரியோசனம்? முதல் உங்கட கிணத்தை ரெஸ்ற் பண்ணுங்கோ. கூட எண்டால் பீலியில வாற மழைத்தண்ணியைப் பிடிச்சு வச்சுக் கலக்கலாம். ஒட்டிப் பாக்கிற பேப்பர் ரெஸ்ற் இந்த வேலைக்குக் காணாது, சொட்டு விட்டு நிறம் பாக்கிறதை வாங்குங்கோ.

சரி, இனி சாப்பாடு, நான் எழுத வந்ததே இதுக்குத்தான்.

பேத்தைக்கு வாயில நாலு பல் ஒண்டாச் சேந்து கிளிச்சொண்டு மாதிரி இருக்கும், அது வாழ்நாள் முழுக்க வளந்துகொண்டே இருக்கும். ஓடு உள்ள சாப்பாடு கடிச்சால்தான் தேயும். மெத்தின சாப்பாட்டை மட்டும் போட்டால் பல் நீண்டு வாய் மூடேலாமல் வந்து பட்டினியால சாகும். வெளிநாடுகளில வளர்க்கிறவை கராம்பு எண்ணெய் விட்டு மீனை மயக்கிப் பல்லை வெட்டுகினம், அதை வீட்டில செய்து பாக்க எனக்கு மனமில்லை, தேவையும் வரேல்லை. ஏனெண்டால் எங்கட மார்க்கற்றில நண்டு இருக்கு.

நீலக்கால் நண்டின்ர கால் மாதிரி இந்த மீனுக்கு ஒரு சாப்பாடு இல்லை. நாங்கள் கறிக்கு வாங்கேக்க கடைசிச் சின்னக் கால்களில சதை இல்லை எண்டு எறியிறதுதானே, அதுதான் இதுக்கு வேணும். சமைக்க முதல் முறிச்சு எடுத்து, மூட்டு மூட்டா வெட்டி, பையில போட்டு பிரீசரில வச்சு, ஒட்டுண்ணியள் சாகிறதுக்கு சில நாள் விட்டுப்போட்டுத்தான் போடுறது. குருநகரில நான் வழமையா வாங்குற அக்கா இப்ப கேக்காமலே முறிஞ்ச கால்களைத் தனியாச் சேத்து வச்சுத் தாறா, "தம்பி உங்கட பேத்தை என்ன செய்யுது" எண்டு விசாரிக்கிறதும் உண்டு. போட்டவுடன மீன் பாயாது. முதல் ஒரு கண் மட்டும் திரும்பும், மற்றக் கண் என்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கும், ரெண்டு கண்ணையும் தனித்தனியா ஆட்டக்கூடிய மீன் இது. பிறகு செட்டையை மட்டும் அடிச்சுக்கொண்டு ஹெலிகொப்டர் நிக்கிற மாதிரி காலுக்கு மேல நிண்டு, எந்தப் பக்கத்தால கடிக்கிறது எண்டு சுத்திப் பாக்கும். கடிச்சால் "டக்" எண்டு கண்ணாடிக்கு வெளியில கேக்கும். ஓட்டை உடைச்சு உள்ளுக்க இருக்கிற சதையை உறிஞ்சிப்போட்டு ஓட்டுத் துண்டைத் துப்பும். இதைப் பாக்கிறதுக்காகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையள் பின்னேரம் வருங்கள்.

இறால் ரெண்டாவது. கோதோட தான் போடோணும், உரிச்ச இறால் குடுக்கிறதில அர்த்தமில்லை. ஆனா இறாலையே ஒவ்வொரு நாளும் போடுறவைக்கு ஒண்டு சொல்லவேணும், பச்சை இறால், சில மட்டி வகை இதுகளில தயமினேஸ் எண்ட நொதியம் இருக்கு, அது விற்றமின் பி1ஐ அழிக்கும். பிரீசரில வச்சாலும் அது போகாது. மாசக்கணக்கா அதை மட்டுமே தின்னுற மீன் நரம்புத் தளர்ச்சி வந்து சுத்திச் சுத்தி நீந்திச் சாகும், ஆக்கள் அதை ஏதோ நோய் எண்டு மருந்து விடுவினம். மாத்தி மாத்திப் போடுங்கோ, நண்டு, இறால், மட்டி, இடைக்கிடை கணவாய்த் துண்டு, அவ்வளவுதான். மட்டி கிடைக்கிற காலத்தில ஒரு பக்கத்து ஓட்டோட பிளந்து வச்சால் சதையைச் சுரண்டித் தின்னும், அதுவும் பல்லுக்கு நல்லது.

நத்தை இதுக்கு உயிர். தொட்டிப் பாசியோட வாற சின்ன நத்தையளை வேற வாளியில பெருக்கி வச்சுப் போடலாம், குஞ்சுப் பேத்தைக்கு அதை விட நல்லது இல்லை. ஊரி வேண்டாம், கடற்கரையில கும்பியா கிடக்குது, சும்மா கிடைக்குது எண்டு அள்ளிக்கொண்டு வருவினம், அதின்ர ஓடு சரியான இறுக்கம், பல் தேயிறதுக்குப் பதிலா உடைஞ்சிடும். கூரா நீண்ட மண் நத்தையும் அப்பிடித்தான். மாரியில மதில் முழுக்க ஏறுற பெரிய ஆபிரிக்க நத்தையைக் குட்டியா இருக்கேக்க போடலாமே எண்டு ஒருத்தர் கேட்டவர், கூடவே கூடாது, தோட்டங்களில அதுக்கு மருந்து வைக்கினம், அதோட அது மனுசருக்கே ஆபத்தான ஒட்டுண்ணி காவுற நத்தை, கையாலயே தொடாமல் இருக்கிறது நல்லது.

கடையில விக்கிற சாப்பாடுகளைப் பற்றி சுருக்கமா. பிரீஸ் பண்ணின சிவப்புப் புழுக்கட்டி குஞ்சுக்கு நல்லது, வளந்த மீனுக்குப் பல்லுக்கு உதவாது. ஆட்டீமியா எண்ட சின்ன இறால் மாதிரிப் பிராணியின்ர முட்டை வாங்கிக் குஞ்சு பொரிக்க வச்சால் மிகச் சின்னக் குஞ்சுகளுக்குப் போடலாம். காஞ்ச கூனி விருப்பமா தின்னுது, ஆனா அதில சத்துக் குறைவு. விலை கூடின குருணியள் ரெண்டு மூண்டு வகை வாங்கிப் பாத்தன், மீன் எடுக்கவேயில்லை, எல்லாம் அடியில கிடந்து ஊறினது. உயிரோட கப்பி போடுறது பாக்க விறுவிறுப்பா இருக்கும், கடைக் கப்பியோட நோயும் சேந்து வரும், எனக்கு விருப்பமில்லை.

எவ்வளவு போடுறது எண்டதிலதான் கனபேர் பிழைக்கிறவை. இந்த மீன் பிச்சைக்காரன், கண்ணாடிக்குக் கிட்ட ஆள் வந்தாலே மேலயும் கீழயும் ஓடி ஆடும், நேற்றுப் பட்டினி போட்ட மாதிரி முகத்தை வச்சுக்கொள்ளும், அம்மாவுக்கு மனம் கேக்காது. குஞ்சுக்கு ஒவ்வொரு நாளும், அரைவாசி வளந்ததுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பெரிசுக்கு ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா. வயிறு லேசா உருண்டால் காணும். மிச்சம் கிடந்தால் உடன எடுக்கோணும், எங்கட வெக்கைக்கு இறால் துண்டு ஒரு இரவிலயே தண்ணியைக் கெடுத்துப்போடும், அதோட பிஎச் கூடின தண்ணியில அமோனியாவின்ர நஞ்சு இன்னும் கூட.

அதாலதான் பில்ரரில காசு மிச்சம் பிடிக்கக்கூடாது. வளந்த மீன் ஒண்டுக்கு 110 லீற்றராவது தொட்டி வேணும், பில்ரர் அதுக்கு இரண்டு மடங்கு தொட்டிக்கு எண்டு எழுதி இருக்கிறதைப் பூட்டுங்கோ, கிழமைக்கு ஒருக்கா மூண்டில ஒரு பங்கு தண்ணி மாத்துங்கோ. விலை கூடின கனிஸ்ரர் பில்ரர் இருந்தால் நல்லது, என்னட்ட இருக்கிறது மூடியுள்ள வாளிக்குள்ள ஸ்பொஞ்சும் உடைச்ச ஓட்டுத்துண்டும் போட்டு நானே செய்தது, அது நல்லா வேலை செய்யுது. ஹீற்றர் இங்க தேவையில்லை, கடைக்காரர் சொன்னாலும் வாங்காதேங்கோ. எங்களுக்குப் பிரச்சினை சித்திரை வைகாசி வெக்கைதான், சூடான தண்ணியில ஒட்சிசன் நிக்காது, உப்புத் தண்ணியில இன்னும் குறைவு, தண்ணிக்கு மேலால ஒரு சின்ன பான் பூட்டினால் ரெண்டு பாகை இறங்கும். அப்பிடி வத்திற தண்ணிக்கு நல்ல தண்ணிதான் விடோணும், உப்புத்தண்ணி இல்லை, உப்பு வத்தாது. பற்றரியில ஓடுற காத்து மோட்டர் ஒண்டு கட்டாயம் வச்சிருங்கோ, கரண்ட் நிண்ட காலத்தில என்ர மீனைக் காப்பாத்தினது அதுதான்.

கூட்டுக்கு வேற மீன் விடலாமோ எண்டால், வேண்டாம். ஒரு தொட்டி, ஒரு பேத்தை. தனிய நிண்டால் அதுக்குக் கவலை இல்லை, ஆனா வெறும் தொட்டியில சலிச்சுக் கண்ணாடியோடயே மேலும் கீழும் ஓடும், கல்லு, வேர், பி.வி.சி குழாய்த் துண்டு எல்லாம் போட்டு இடத்தை மாத்தி விடுங்கோ, ஒவ்வொரு முறையும் புதுசாப் போய்ச் சோதிச்சுப் பாக்கும். வயிறு வெள்ளையா இல்லாமல் சாம்பலாக் கறுத்து நிண்டால் உடன தண்ணியை ரெஸ்ற் பண்ணுங்கோ, நித்திரையில கொஞ்சம் கறுக்கிறது வழமை, பகலில கறுத்தபடி நிக்கிறது வருத்தம்.

இப்ப வாங்கப் போற ஆக்களுக்கு: கடையில நிண்டு ஒரு நத்தையோ புழுவோ போடச் சொல்லிக் கேளுங்கோ, பாஞ்சு தின்னுற மீனை மட்டும் எடுங்கோ, வயிறு உள்ளுக்குப் போனதை விலை குறைச்சுத் தந்தாலும் வேண்டாம். கடையில அது நல்ல தண்ணியில நிண்டால் வீட்டிலயும் முதல் அந்த உப்பளவிலயே விட்டு, பிறகு கிழமைக் கணக்கில கூட்டுங்கோ. கொண்டு போன அண்டைக்குச் சாப்பாடு போடாமல் விளக்கை நூத்து விடுங்கோ. இந்த மீனுகள் அநேகமாக் கடலோரத்தில பிடிச்சு வாறது, வயித்தில புழு இருக்கும், நல்லாத் தின்னத் தின்ன மெலிஞ்சுகொண்டு போனால் லெவமிசோல் மாதிரிப் புழு மருந்து தேவைப்படும், அதின்ர அளவை மிருக வைத்தியரைக் கேட்டுத்தான் விடோணும், மீன்கடையில நிறத்தண்ணி தருவினம், அதை வாங்காதேங்கோ.